ஃபியூஸ் போன ஞாயிற்றுக்கிழமை

பிள்ளைகளே,

போன மாசம் ஒருநாள் நாம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிவியில் ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். கீழே சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடியது. நடுவில் இருந்தவர் வேறு மதத்துக்காரர்களைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு, இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கப் போகிறீர்களா என்று நம்மைக் கேட்டார். பெரியவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இவனுங்க கைய உடைச்சாதாம்பா அடங்குவானுங்க" என்றான். சின்னவள் சிரித்தாள்.

நான் பாதிச் சோற்றில் எழுந்து போனேன். உங்கள் அம்மா "உப்பு ஜாஸ்தியா?" என்று கேட்டாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

கை உடைகிற சத்தம் எனக்குத் தெரியும். காய்ந்த மரவள்ளிக் குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருகிற சத்தம் இல்லை அது. ஈரத்துணிக்குள் ஓடு நொறுங்குகிற மாதிரி இருக்கும். அதை நான் கேட்டது பன்னிரண்டு வயசில். இத்தனை வருஷமாக உங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

நான் பத்தாவது ஃபெயில். சின்னவளின் பழைய கணக்கு நோட்டில்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் அவளே திருத்தட்டும். ஆனால் நடந்ததை யாரும் திருத்தக் கூடாது.

அது எண்பதுகளின் கடைசி. என் வயசுக்காரர்கள் எல்லோருக்கும் அந்த வருஷம் நினைவிருக்கும். நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு டிவி வந்த வருஷம். சங்கராபுரம் போனால் நாலைந்து கடைகளில் பார்க்கலாம். நம் ஊருக்கு அது ஒன்றுதான். முன்னால் ரேடியோ இருந்த ரூமில், இரண்டு கதவு வைத்த மரப்பெட்டிக்குள் அதை வைத்தார்கள். பெட்டிக்குப் பூட்டு. சாவி மில்லுக்காரரிடம். ரைஸ் மில் அவருடையது, கரும்புத் தோட்டம் அவருடையது, ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் கூலிக்குப் போனார்கள். உங்கள் தாத்தாவும் அவர் தோட்டத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்தான்.

மேற்கே கல்வராயன் மலை மேல் மேகம் இறங்கினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். உடனே ஒருவன் கூரையில் ஏறி ஏரியலைத் திருப்புவான். கீழே இருந்து "வந்துச்சு, வந்துச்சு, அய்யய்யோ போச்சு" என்று நூறு பேர் கத்துவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமி கதை வரும். இந்தியில். அன்றைக்கு ஊரே தலைக்குக் குளித்துவிட்டு வரும். ரூமுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டிவி பெட்டிக்குச் சாமந்தி மாலை, குங்குமம். வாசலில் ஒரு கருங்கல்லைப் புதைத்து வைத்திருந்தார்கள். கதை தொடங்குகிற இசை வந்ததும் அந்தக் கல்லில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். பயபக்தி அவ்வளவு. நடுவில் சோப்பு விளம்பரம் வந்தபோதும் கன்னத்தில் போட்டுக்கொண்ட பெரியம்மாவை நான் பார்த்திருக்கிறேன்.

கிழக்கே மாதா கோயில் தெரு. எட்டு வீடுகள். அவர்களும் நம்மைப் போலக் கூலிக்காரர்கள்தான், இரண்டு தலைமுறைக்கு முன்னால் மதம் மாறியவர்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பூசை உண்டு. சாமி கதையும் அதே நேரம். பிள்ளைகள் பூசையில் உட்காராமல் நெளிவதைப் பார்த்துவிட்டு, அவர்களுடைய சாமியார் பூசையை ஏழு மணிக்கு மாற்றிவிட்டார். பூசை முடிந்ததும் வெள்ளை முக்காட்டோடு பெண்கள் நேராக டிவி ரூமுக்கு ஓடிவந்து இடம் பிடிப்பார்கள். தேங்காய்ச் சில்லு கொடுத்தால் வாங்கித் தின்பார்கள். முதல் மூன்று மாசம் அப்படித்தான் இருந்தது.

அந்தத் தெருவில் இருந்தவர்தான் ஒயர்மேன். கரண்ட் ஆபீஸ் வேலை. இடுப்பில் எப்போதும் கட்டிங் பிளேயர் தொங்கும். நம் ஊர் டிரான்ஸ்ஃபார்மரில் அடிக்கடி ஃபியூஸ் போகும். அவர்தான் போடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதை தொடங்குவதற்கு முன்னால் சைக்கிளில் ஒரு சுற்று போய் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்துவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். அவர் மகள் என்னோடு ஏழாவது படித்தாள். கணக்கில் அவள் கெட்டி. காம்பஸ் பெட்டி இல்லாத எனக்கு வருஷம் முழுக்க அவளுடையதைக் கொடுத்தாள்.

இந்தி யாருக்கும் தெரியாது. அதனால்தான் ரிக்கு மாமா பெரிய ஆளானார். போர்வெல் லாரியில், அதைத்தான் ரிக்கு என்போம், வடக்கே ஆறு வருஷம் குழாய் இறக்கிவிட்டு வந்தவர். டிவிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கதை சொல்லுவார்.

டிவியில் சாமி இரண்டு நிமிஷம் பேசுவார்.

"இன்னா மாமா சொல்றாரு?"

"வான்றாரு."

"அவ்ளோ நேரம் பேசனாரே மாமா!"

"மரியாதையா வான்றாரு. கம்முனு பாருடி."

ஆனால் அசுரன் ஒரு வார்த்தை சொன்னால் மாமா ஐந்து நிமிஷம் சொல்லுவார். மில்லுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். போகப் போக மாமாவின் கதை மாறியது. அந்த மாற்றத்தை அப்போது நான் கவனிக்கவில்லை. இப்போது யோசித்தால் ஒவ்வொன்றாகத் தெரிகிறது.

"அசுரன் இன்னா சொல்றான்னா, உங்க சாமிய கும்புடாதன்றான். யாகத்த நிறுத்துன்றான். பாத்துகினே இருங்க, இவனுங்க நல்லவன் மாதிரிதான் வருவானுங்க. நம்ம பக்கத்துலயே உக்காந்து நம்ம தேங்காயத் துன்னுவானுங்க."

அவர் சொல்லும்போது ஒரு கை தானாகக் கடைசி வரிசைப் பக்கம் போகும். சிலர் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்த வாரம் இன்னும் பலர் திரும்பிப் பார்த்தார்கள். நாலாவது வாரம் வெள்ளை முக்காடு போட்ட பெண்களைச் செருப்புப் போடுகிற இடத்தில் உட்காரச் சொன்னார்கள். ஒயர்மேன் மட்டும் சிரித்துக்கொண்டே, "இன்னா மாமா, சாமி அப்பிடியா சொன்னாரு? எனக்கு வேற மாதிரி கேட்டுச்சே" என்றார்.

"உனக்கு இந்தி தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப பொத்திகினு பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமாவின் கதை மாறுவதற்கு முன்னால் ஒன்று நடந்திருந்தது. மில்லுக்குக் கரண்ட் கம்பியில் திருட்டுக் கொக்கி போட்டிருந்தார்கள். ஒயர்மேன் அதைப் பிடுங்கி ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மூன்று நாள் மில் ஓடவில்லை. அப்பா வீட்டில் சொன்னார், "இந்த ஆளு ஏன் வம்ப வெலைக்கு வாங்கறாரு? மொதலாளி பஞ்சாயத்து எலக்சன்ல நிக்கப் போறாரு, இப்பப் போயி." அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கொக்கிக்கும் அசுரனுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எங்களுக்கு அம்பு பைத்தியம். மூங்கிலை வளைத்து வில். சைக்கிள் டியூப் நாண். விளக்குமாற்றுக் குச்சி அம்பு பத்தடி போகும். குடைக் கம்பியை முனையில் தார் உருட்டி வைத்து விட்டால் புளியமரத்தைத் தாண்டும். தெருவில் நடக்க முடியாது. கோழிக்குக் கால் போச்சு, ஒரு பையனுக்குக் காது கிழிந்தது. பெரியவர்கள் அடிப்பார்கள், அடித்துவிட்டு, "சாமி கணக்காவே நிக்கறான் பாரு" என்று அவர்களே சிரிப்பார்கள்.

டிவியில் வருகிற அம்பு போகும்போது ஜொலிக்கும். வானத்தில் இரண்டு அம்பு முட்டிக்கொண்டு தீப்பொறி பறக்கும். என் அம்பும் ஜொலிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்பா தோட்டத்தில் மோட்டாருக்குள் சுற்றிய காயில் எரிந்துபோனால் பழைய செம்புக் கம்பியைச் சுருட்டி வீட்டுக் கூரை எறவாணத்தில் சொருகி வைப்பார். அதில் நாலு முழம் எடுத்தேன். அப்பாவின் எட்டுக் கம்பிக் குடையிலிருந்து ஒரு கம்பியை உருவினேன். கம்பியின் பின்னால் செம்பை வால் மாதிரி கட்டினேன். வெயிலில் பிடித்தால் தங்கம் மாதிரி இருந்தது. அப்பா குடையை விரித்துப் பார்த்துவிட்டு, "ஒரு கம்பி எங்கடா?" என்றார். "தெரிலப்பா" என்றேன். பொய் சொல்ல அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தேன்.

அசுரன் சாகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு வாரமாக ஊரில் வேறு பேச்சு இல்லை. மலையிலிருந்துகூட நடந்து இறங்கி வந்திருந்தார்கள். மில்லுக்காரர் பொங்கல் வைத்தார். ரூமுக்குள் மூச்சு விட இடமில்லை. நான் வெளியே கிழக்குப் பக்கத்து ஜன்னலில் வில்லோடு நின்றிருந்தேன். ஒயர்மேனின் மகளும் அதே ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள். இந்த வாரம் அந்தத் தெருக்காரர்களை உள்ளேயே விடவில்லை.

"இதுக்கு வாலு எதுக்குடா?" என்றாள் என் அம்பைப் பார்த்து.

"பாரு, இன்னிக்கு இது பேசும்."

உள்ளே சாமி கடைசி அம்பை எடுத்து நாணில் வைத்தார். கண்ணை மூடினார். ரூமே கையெடுத்துக் கும்பிட்டது. ரிக்கு மாமா எழுந்து நின்றுவிட்டார். சாமி நாணை இழுத்தார். நானும் ஜன்னலிலிருந்து திரும்பி வானத்தைப் பார்த்து இழுத்தேன். அவர் விட்டார். நான் விட்டேன்.

என் அம்பு மின்னிக்கொண்டு போனது. பிள்ளைகளே, அந்த ஒரு நொடி அவ்வளவு அழகாக இருந்தது. பிறகு வளைந்து கீழே வந்து, ரூமை ஒட்டிப் போகிற கரண்ட் கம்பிகள் இரண்டின் மேல் குறுக்கே விழுந்தது. பட்டென்று நீலமாய் ஒரு வெளிச்சம். செம்பு பஸ்பமாகிவிட்டது. குடைக் கம்பி மட்டும் கருகிக் கீழே முள்ளுச்செடிக்குள் விழுந்தது. அதே நேரம் ஊர்க் கோடியில் டிரான்ஸ்ஃபார்மர் டமாரென்று வெடித்த சத்தம்.

உள்ளே டிவி ஒரு வெள்ளைப் புள்ளியாகி அணைந்தது. சாமியின் அம்பு இன்னும் அசுரன் மேல் படவில்லை.

ஒரு பெண் "அய்யோ சாமி!" என்று அழுதாள். அதற்குப் பிறகு எல்லோரும் கத்தினார்கள். கூட்டம் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்து ஓடியது. நானும் அவளும் பின்னால் ஓடினோம்.

ஒயர்மேன் அங்கே நின்றிருந்தார். உள்ளே விடாததால் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர், வெடித்த சத்தம் கேட்டதும் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்திருக்கிறார். புதுக் கம்பி சுற்றுவதற்காக ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். ஊரே பார்த்தது அதைத்தான். கையில் ஃபியூஸ்.

"புடுங்கிட்டான்டா!" என்றார் ரிக்கு மாமா. "கண்ணால பாருங்கடா! அசுரன் சாவக் கூடாதுன்னு புடுங்கிட்டான்!"

"அஞ்சு நிமிசங்க," ஒயர்மேன் சிரித்தபடிதான் சொன்னார், அவருக்குப் புரியவில்லை. "அஞ்சே நிமிசம், போட்டுத் தரேன், போயி உக்காருங்க..."

முதல் கல் அவர் வாயில் விழுந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சைக்கிள் செயினைக் கழற்றி அடித்தார்கள். கரும்பால் அடித்தார்கள், கரும்பு உடைந்ததும் அதன் கூர்முனையால் குத்தினார்கள். பெண்கள் மண்ணை வாரி அவர் கண்ணில் போட்டார்கள். அவர் மனைவி ஓடிவந்து மேலே விழுந்தார். முக்காட்டைப் பிடித்து இழுத்துத் தூக்கி எறிந்தார்கள். அடித்தவர்கள் யாரோ இல்லை. காலையில் எனக்குப் பொங்கல் கொடுத்தவர்கள். எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர். சோப்பு விளம்பரத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பெரியம்மா. அடிக்கும்போது சாமி பேரைச் சொல்லிச் சொல்லி அடித்தார்கள், டிவியில் வருகிற குரங்குப்படை மாதிரி.

காலைப் பிடித்து டிவி ரூம் வரைக்கும் இழுத்து வந்தார்கள். மில்லுக்காரர் அங்கேயே நாற்காலியில் இருந்தார். அவர் ஓடவில்லை, கத்தவில்லை, ஒரு விரலைத் தூக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்தக் கை?"

வலது கையை இழுத்து வாசலில் இருந்த தேங்காய்க் கல் மேல் வைத்தார்கள். கல்லில் இன்னும் தேங்காய்த் தண்ணீர் ஈரம் இருந்தது. கையைப் பிடிக்க ஆள் வேண்டும். மில்லுக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். என் அப்பாவைப் பார்த்தார். "நீ புடி" என்றார்.

அப்பா பிடித்தார். முழங்கைக்குக் கீழே, இரண்டு கையாலும், கன்றுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி.

அப்போதுதான் அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தாள். "எங்கப்பா புடுங்கலங்க! பியூஸ் தானாப் போச்சுங்க! இவன் உட்ட அம்புங்க! கம்பி மேல உழுந்துச்சுங்க! நான் பாத்தங்க!" என்று என்னை விரல் நீட்டிக் காட்டினாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் வில் இருந்தது. மில்லுக்காரர் சிரித்தார். குழந்தையிடம் பேசுகிற மாதிரி குனிந்து கேட்டார்.

"இன்னாடா, நீ அம்பு உட்டுதான் ஊருக்கே கரண்ட் போச்சா?"

கூட்டம் சிரித்தது. அப்பா கல்லருகே குந்தியபடி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒயர்மேனும் பார்த்தார். ஒரு கண்தான் திறந்திருந்தது.

"இல்லங்க" என்றேன்.

"பொய்க்காரி!" என்று எவனோ அவளை அறைந்தான். ரிக்கு மாமா கடப்பாரையின் மொட்டை முனையை ஓங்கினார். மூன்று தடவை. அந்தச் சத்தத்தைத்தான் மேலே சொன்னேன்.

அதோடு முடியவில்லை. சாயங்காலம் மாதா கோயில் தெருவில் எட்டு வீட்டின் கூரையும் எரிந்தது. பெரியவர்கள் அருகில் போகவில்லை. பையன்கள்தான் செய்தார்கள். குடைக் கம்பியில் கந்தலைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, பற்றவைத்து விட்டார்கள். தள்ளி நின்ற பெரியவர்கள், "அக்னி அஸ்திரம்டா!" என்று கை தட்டினார்கள். நான் போகவில்லை. என் வில் போனது. தூக்கி எறிந்துவிட்டு ஓடியிருந்தேன், வேறு ஒருத்தன் எடுத்துக்கொண்டான். அவளுடைய காம்பஸ் பெட்டி அந்தத் தீயில்தான் உருகியிருக்கும்.

ஊரில் நாலு நாள் கரண்ட் இல்லை. ஃபியூஸ் போடத் தெரிந்த ஒரே கையை உடைத்துவிட்டார்கள் அல்லவா? ஐந்து நிமிஷத்தில் வந்திருக்கும் கரண்ட். குடிதண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கரும்பு வாடியது. அந்த நாலு நாளில் ஒருவருக்காவது இது தோன்றியதா என்று தெரியவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அப்பா டிவி ரூமுக்குப் பின்பக்கம் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனார். தழை இல்லாமல் திரும்பி வந்தார். கையில் கருகிய கம்பி. ஒரு முனையில் தார், மறு முனையில் உருகி ஒட்டிய செம்பு. கொடியில் தொங்கிய குடையை எடுத்து விரித்தார். கம்பி இல்லாத இடத்தில் அதை வைத்துப் பார்த்தார். நீளம் சரியாக இருந்தது. அந்தச் செம்பும் அவர் சுருட்டி வைத்த செம்பு.

என்னை அடிப்பார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அடிக்கவில்லை. தன்னுடைய இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருன்னா கேட்டா?" என்றார்.

"இல்லன்னு சொல்லணும்பா."

"ம்."

அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "அந்த ஆளு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில கெடக்கறானே, கைய எடுக்கணும்ன்றாங்களே. போயி சொல்லிட்டு வாயேன்" என்றாள்.

"சொன்னா கை மொளைக்குமா? நாளைக்கு நம்ம கூர எரியும். கம்முனு கெட."

ஜீப் வந்தது. எல்லோரையும் கேட்டார்கள். நூறு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: ஒயர்மேன் ஃபியூஸைப் பிடுங்கியதைக் கண்ணால் பார்த்தோம், அடித்தவரைப் பார்க்கவில்லை. அப்பாவும் அதையேதான் சொன்னார். அந்தத் தெருக்காரர்கள் ஒவ்வொரு வீடாகச் சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி பஸ்ஸில் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு ஒயர்மேன் வந்து கரண்ட் கொடுத்தார். டிவியைத் திறந்தால் அசுரன் ஏற்கெனவே செத்துக் கிடந்தான். அவன் பெண்டாட்டி அழுதுகொண்டிருந்தாள். சனங்களுக்குத் தாங்கவில்லை. "எப்பிடி மாமா செத்தான்?" என்று ரிக்கு மாமாவைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் முக்காலி மேல் ஏறி நின்று சொன்னார். அம்பு எப்படிச் சுழன்று போனது, எங்கே தைத்தது, ரத்தம் எந்த நிறம், வானத்திலிருந்து பூ எப்படிக் கொட்டியது. அவரும் அதைப் பார்த்ததில்லை. நம் ஊரில் யாருமே பார்த்ததில்லை. ஆனால் இன்றைக்கு என் வயசுக்காரர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். "பஞ்சாயத்து டிவில, என் கண்ணால பாத்தன்டா, அசுரன் பொத்துனு உழுந்தான்" என்பார்கள். சத்தியம் செய்வார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள். அப்படித்தான் நினைவிருக்கிறது அவர்களுக்கு.

எலெக்‌ஷனில் மில்லுக்காரர் ஒரு வேனைத் தேர் மாதிரி ஜோடித்துக்கொண்டு வந்தார். கையில் அட்டை வில். ரிக்கு மாமா மைக்கில், "அசுரன வெரட்டன கை! உங்க கை!" என்று கத்தினார். மில்லுக்காரர் ஜெயித்தார். பிறகு அதைவிடப் பெரிய எலெக்‌ஷனிலும் ஜெயித்தார். இப்போது அவர் மகன்தான் பஞ்சாயத்துத் தலைவர். என் பஞ்சர் கடை இருக்கிற இடமும் அவர்களுடையது. உங்களுக்கு அது தெரியும்.

உங்கள் தாத்தா சாகிற வரைக்கும் ஏழு கம்பிக் குடையைத்தான் பிடித்தார். ஒரு பக்கம் தொங்கி, மழைத்தண்ணீர் நேராக அவர் வலது தோளில் இறங்கும். புதுக்குடை வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. உங்களுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வரும். "தாத்தா ஷவர்ல குளிக்கறாரு" என்பீர்கள். நான் உங்களை அதட்டுவேன். எதற்கென்று சொன்னதில்லை. அவர் போன பிறகு தொகுப்பு வீட்டுக்காகக் கூரையைப் பிரித்தோமே, அப்போது எறவாணத்திலிருந்து அந்தக் கருகிய கம்பி விழுந்தது.

பெரியவன் கை உடைக்கிறதைப் பற்றிச் சொன்ன மறுநாள், அந்தக் கம்பியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். ஒயர்மேன் அங்கே ஒரு சந்தில் மிக்சி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருப்பது எனக்குப் பல வருஷமாகத் தெரியும். எத்தனையோ தடவை அந்தச் சந்து முனை வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன்.

கிழவராகிவிட்டார். இடது கையால் ஸ்க்ரூ டிரைவர் திருகிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு மொட்டையால் மிக்சியை அழுத்திப் பிடித்திருந்தார். நான் பேர் சொல்லாமல் ஊர் பேரையும் அப்பா பேரையும் சொன்னேன். பேப்பரைப் பிரித்துக் கம்பியை மேஜை மேல் வைத்தேன்.

"நான் உட்ட அம்புதாங்க."

அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். உருகிய செம்பை நகத்தால் சுரண்டினார். "ரெண்டு லைன் கம்பியும் ஒண்ணா சேந்தா இப்பிடித்தான் ஒட்டிக்கும்" என்றார். பிறகு, "உங்கப்பா இருக்காரா?" என்றார்.

"இல்லங்க."

"புடிச்சிகினு இருந்தப்ப அவர் கை நடுங்குச்சு. என் கைய விட ஜாஸ்தியா நடுங்குச்சு."

அவர் என் பக்கம் ஒரு ஸ்டூலைத் தள்ளினார். கொஞ்ச நேரம் ஸ்க்ரூ திருகினார். திடீரென்று, "ஏம்பா, அந்த அம்பு கடைசில போயி பட்டுச்சா?" என்றார். "நான் பாக்கவே இல்ல அத."

"நானும் பாக்கலங்க."

"ஊர்ல பாத்தோம்ன்றாங்களே?"

"யாரும் பாக்கலங்க."

அவர் சிரித்தார். பற்கள் இல்லாத இடம் தெரிந்தது, அந்த முதல் கல் விழுந்த இடம். நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு? என்ன அடிச்சது நூறு பேரு. எம்பொண்ண பொய்க்காரி ஆக்கனது நீ ஒருத்தன்தான். இப்ப வரும், சாப்பாடு எடுத்துகினு. அதுங்கிட்ட சொல்லு."

ஒரு மணிக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். நரைத்துவிட்டது. கையில் டிபன் கேரியர். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். மேஜை மேல் இருந்த கம்பியைப் பார்த்ததும் கேரியரைக் கீழே வைத்துவிட்டாள். நான் சொன்னேன். ரொம்ப நேரம் சொன்னேன். முடித்ததும் கேட்டாள்:

"அன்னிக்கு எத்தினி பேரு முன்னாடி இல்லன்ன?"

"ஊரே இருந்துச்சு."

"இங்க கேக்கறது எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு."

"ரெண்டு பேருக்கும் அது தெரிஞ்சதுதான. தெரியாதவங்ககிட்ட போயி சொல்லு." கம்பியை அதே பேப்பரில் சுற்றி என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "சொல்லிட்டு வா. அப்புறம் உக்காந்து பேசலாம்."

அதனால்தான் இதை எழுதுகிறேன், பிள்ளைகளே. ஆகஸ்ட் பதினைந்து அன்றைக்கு நம் ஊர்க் கிராம சபை. பழைய டிவி ரூம் வாசலில்தான் பந்தல் போடுவார்கள். அந்தத் தேங்காய்க் கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கொடி ஏற்றிய பிறகு, குறை இருந்தால் சொல்லலாம் என்று மைக் கொடுப்பார்கள். நான் எழுந்து போய் இந்த நோட்டை வாசிக்கப் போகிறேன். கடை போகும். அதைவிட மோசமாகவும் ஏதாவது நடக்கலாம். உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் வேட்டியைத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

பெரியவன் முன்வரிசையில் உட்காரட்டும். மில்லுக்காரரும் வருவார். எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், ஆனாலும் முதல் நாற்காலி அவருக்குத்தான். அவர் என்னை ஒரு கேள்வி கேட்டார் அல்லவா, குனிந்து, சிரித்துக்கொண்டு? அவருக்குக் கேட்கிற மாதிரி மைக்கை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்லப் போகிறேன்.

ஆமாங்க. நான் உட்ட அம்புதாங்க.